பதினாலாம் எண் கல்

தேவிப்ரியாவின் வேலை போனது ஒரே ஒரு வரியால். அந்த வரியையும் அவளேதான் தட்டினாள்.

சென்னையில் ஐந்து வருஷம் இரவு வேலை. ஸ்காட்லாந்தில் பட்டிக்காட்டுத் தேவாலயங்களில் யாரை எந்தத் தேதியில் புதைத்தார்கள் என்று எழுதி வைத்த பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பெயர், வயது, தேதி, குழி எண் என்று கட்டம் கட்டமாகத் தட்ட வேண்டும். முன்னோரைத் தேடுகிறவர்கள் இணையதளத்தில் பெயரைப் போட்டால், ஆள் எந்த ஊரில் எந்த மூலையில் கிடக்கிறார் என்று வந்துவிடும். ஐந்து வருஷத்தில் அவள் நாலு லட்சம் பேரைத் தட்டியிருப்பாள். காசநோயில் போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், மீன் பிடிக்கப் போய்த் திரும்பாதவர்கள். ஒருவரைப் பற்றியும் அவள் யோசித்ததில்லை. யோசித்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் திரையின் மூலையில் சிவப்பு எரியும்.

ஒருநாள் வில்லியம் கெட்டிஸ் என்று ஒருவன் வந்தான். 1911இல் செத்தவன். சாலை போடும் ஓவர்சியராக இருந்தவன். அவன் பெயருக்கு எதிரே, கடைசிக் கட்டத்தில், அந்த ஊர் எழுத்தர் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ‘முதல் மனைவி ஐசபெல் இந்தியாவில். கல்ராயன் மலை, தென்னாற்காடு ஜில்லா.’ அவ்வளவுதான். செத்தாள் என்றும் இல்லை, இருக்கிறாள் என்றும் இல்லை.

தேவிப்ரியா அதை நாலு தடவை படித்தாள். அவள் வீடு தியாகதுருகத்தில். மழை விட்ட காலையில் மாடியில் நின்றால் மேற்கே அந்த மலைதான் நீலமாகப் படுத்துக் கிடக்கும். மூலையில் சிவப்பு எரிந்தது. கடைசிக் கட்டத்தைத் தட்டக் கூடாது என்பது விதி. அவள் தட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ‘மை சிந்தியிருக்கிறது’, ‘எழுத்து தெளிவில்லை’ என்று தட்டச்சு செய்கிறவர்கள் எழுதுவதற்காக ஒரு பெட்டி உண்டு. அதில் ஆங்கிலத்தில் எழுதினாள்: ‘இந்த மலை எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும்.’

சரிபார்க்கிறவர் தூங்கிவிட்டாரோ என்னவோ, அந்த வரி அப்படியே தளத்தில் ஏறிவிட்டது. மூன்று மாதம் கழித்து ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கிழவி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள். மாடி யாருடையது என்று கேட்டிருந்தாள்.

டீம் லீடர் கூப்பிட்டார். “உங்க வீட்டு மாடி இன்னா டூரிஸ்ட் ஸ்பாட்டா?”

“தெரியுது சார். அதான் எழுதினேன்.”

“மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு.”

அவள் கடிதம் எழுதினாள். மன்னிப்புக் கடிதம் அல்ல, விலகல் கடிதம். எழுதுவதற்கு முன்னால் கிழவியின் மின்னஞ்சல் முகவரியைக் கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள்.

கிழவியின் பெயர் மார்கரெட். வயது எண்பத்தொன்று. முப்பது வருஷம் கிராமங்களில் நடந்து தபால் கொடுத்தவள். தேவிப்ரியாவுக்கு அவள் எழுதிய பதில் கடிதம் நீளம், ஆனால் சுற்றி வளைக்காத கடிதம்.

வில்லியமும் ஐசபெலும் மலையில் பாதை போடுவதற்காக இந்தியா போனார்கள். இரண்டு வயதுகூட நிரம்பாத மகள் ஆக்னஸை ஊரிலேயே விட்டுப் போனார்கள். வில்லியம் மட்டும் திரும்பி வந்தான். எட்டே மாதத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். ஐசபெல் எங்கே என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். வந்தவள் திறந்தாள். ‘உன் அம்மா அங்கேயே இருந்துவிட்டாள். அங்கே அவளுக்கு வேறு துணை கிடைத்திருக்கும்’ என்று ஆக்னஸிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அந்த ஆக்னஸ்தான் மார்கரெட்டின் பாட்டி. தொண்ணூறு வயதுவரை இருந்தாள். புருஷன் செத்தபோது குடும்பத்துக்கென்று ஒரு கல்லறைக் கல் நட்டாள். அதில் மேலே ஒரு வரிக்கு இடம் விட்டுத்தான் செதுக்கவே சொன்னாள். ‘என் அம்மா என்னை விட்டு ஓடினவள் இல்லை என்று தெரிந்தால் அந்த இடத்தில் அவள் பெயரை வெட்டுங்கள். தெரியாவிட்டால் யார் பெயரையாவது வெட்டிக்கொள்ளுங்கள்’ என்பது அவள் சொல்லிவிட்டுப் போனது.

அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. இந்த வருஷம் மார்கரெட்டின் தம்பி இறந்துவிட்டார். அவர் பெயரை வெட்டக் கல்தச்சன் அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை வருகிறான். கல்லில் வேறு இடம் இல்லை. ‘அதற்குள் ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது. தம்பியை மேலே போட்டுவிடுகிறேன்’ என்று முடித்திருந்தாள்.

அப்போது செப்டம்பர் கடைசி. மூன்று வாரம்கூட இல்லை.

“நூத்தி முப்பது வருசத்துப் பொணத்த தேடிக்கினு போறியா?” என்றாள் அம்மா பெரியநாயகி. “வர்ற மாப்புள வூட்டுக்காரங்க பொண்ணுக்கு இன்னா வேலைன்னு கேட்டா நான் இன்னாத்த சொல்றது?”

“பொணம் தேடுறான்னு சொல்லு.”

“சொல்றன். ஓடிப்போயிடுவாங்க.”

“அதுக்குத்தான்.”

முதலில் பதிவேடு. அதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. அந்தக் காலத்தில் மலையடிவாரம் வரைக்கும் பொறுப்பாக இருந்த ஒரு பழைய மிஷன் தேவாலயம் திருக்கோவிலூருக்குத் தெற்கே கரும்புக் காட்டுக்கு நடுவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாதிரியார் வருவார். மற்ற நாளெல்லாம் சாவி அருள்மொழியிடம். ஐம்பது வயசுக்காரர், பக்கத்து ரைஸ்மில்லில் மிஷின் ஓட்டுகிறவர். தவிட்டுத் தூசியோடு வந்து பீரோவைத் திறந்தார். பதிவேட்டை ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார்.

“பாத்தும்மா, தொட்டா ஒதிரும். கரையான் பாதி படிச்சிட்டான்.”

தேவிப்ரியா ஐந்து வருஷம் படத்தில் பார்த்த சாமான் இப்போதுதான் கையில் கிடைத்தது. அதே கட்டங்கள், அதே வளைந்த கையெழுத்து. படத்தில் இல்லாதது வாடை மட்டும்தான். ஆக்னஸ் பிறந்த 1886இல் ஆரம்பித்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஒரு கலெக்டரின் குமாஸ்தா. இரண்டு உபதேசியார்கள். காலராவில் ஒரே வாரத்தில் பதினொரு பேர். 1890 வரை வந்துவிட்டாள். ஐசபெல் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். இல்லை.

பதிவேட்டிலிருந்து விரலை எடுத்தாள். இதை எழுதி அனுப்பினால் அந்த இரண்டாம் தாரம் சொன்னதுதான் நிலைக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவள், அவள் ஜெயிப்பது தேவிப்ரியாவுக்குப் பிடிக்கவில்லை.

“கெடைக்கலியா?” என்றார் அருள்மொழி.

“இல்லீங்க.”

“இங்க பாரும்மா. இந்த நோட்டுல பாதிரியாரு ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணவங்க பேருதான் ஏறும். அவரு பண்ணலன்னா, நீயே இங்க வந்து கால நீட்டிப் படுத்தாலும் ஏறாது. மலையில செத்தவங்கள ரெண்டு நாளு டோலி கட்டித் தூக்கியாரதுக்குள்ள இன்னா ஆவும்? அங்கியே போட்டிருப்பாங்க.”

“அப்ப எதுலயுமே இருக்காதா?”

“பின்னாடி அட்டைப் பக்கம் பாத்தியா? கல்லுக் கணக்கு தனியா இருக்கும். எந்தக் கல்லு எங்க நட்டாங்கன்னு.”

அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. ஐந்து வருஷமும் கடைசிப் பக்கங்கள் தேவையில்லை என்று சொல்லித்தான் பழக்கியிருந்தார்கள். புரட்டினாள். ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எண் போட்டு ஒரு பட்டியல். பதினாலில் விரல் நின்றது. ‘கெட்டிஸ், மலைச்சாலை ஓவர்சியர். கல் செதுக்கி முடிந்தது. அவர் ஆட்கள் மலைக்கு எடுத்துச் சென்றனர். ஆகஸ்ட் 1888.’

யாருக்கான கல் என்று இல்லை. கல்லில் என்ன பெயர் என்று இல்லை.

இருவரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். பதின்மூன்று இருந்தது, பதினைந்து இருந்தது. நடுவில் ஒரு முருங்கை மரம்.

“எடம் காலியா கீதேன்னு எங்கப்பாதான் வச்சாரு” என்றார் அருள்மொழி. “நல்லா காய்க்கும். ரெண்டு பறிச்சிக்கினு போறியா?”

பஸ்ஸில் முருங்கைக்காயை மடியில் வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். பதிவு இருந்து கல் இல்லையென்றால் செத்தவர் ஏழை. கல் இருந்து பதிவு இல்லையென்றால் உடம்பு வேறெங்கோ கிடக்கிறது. இதுதான் அவள் தொழிலில் கற்றது. ஆனால் கல் ஐசபெலுக்குத்தானா? சாலை போடுகிறவன் பாலத்துக்குக்கூடக் கல் செதுக்கச் சொல்லியிருப்பான். உடனே எழுத வேண்டாம் என்று முடிவு செய்தாள். பாதி விஷயத்தைச் சொல்லிக் கிழவியைத் தூங்கவிடாமல் செய்வானேன்.

மறுவாரம் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி வெள்ளிமலை போய்ச் சேர்ந்தாள். அங்கே ஜீப் ஓட்டும் கலைவாணனைப் பிடித்தாள். உள்ளூர்க்காரன், முப்பது வயது, ஸ்டியரிங்கைவிட ஹாரனை அதிகம் நம்புகிறவன். வெள்ளைக்காரர் சமாதி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

“சமாதியா? இங்க எந்த வெள்ளக்காரனும் செத்ததில்லீங்க. வந்தான், மரத்த வெட்டினான், போயிட்டான்.”

“வெள்ளக்காரப் பொம்பள?”

“தொரசாணி எறக்கம்னு ஒரு எடம் கீது. பழைய ஒத்தையடிப் பாதைங்க. ரோடு சுத்திக்கினு போற எடத்துல பொம்பளைங்க குறுக்கால எறங்குவாங்க.”

“ஏன் அந்தப் பேரு?”

“பேருக்கெல்லாம் ஏன்னு கேட்டுக்கினு இருந்தா ஜீப்பு ஓட்ட முடியுங்களா? வேணும்னா எறக்கி வுடறன். அங்க ஒண்ணும் இல்ல. கல்லுதான்.”

மலையில் எங்கே பார்த்தாலும் கல்தான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

கொண்டைஊசி வளைவில் இறக்கிவிட்டுப் போனான். அவள் பாதையின் இரண்டு பக்கமும் தேடினாள். மேடு தட்டிய இடம், சிலுவை, வரிசையாக அடுக்கிய கல், ஏதாவது. உண்ணிச்செடி சுடிதாரைக் கிழித்ததுதான் மிச்சம். ஸ்காட்லாந்தில் நாலு லட்சம் பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளுக்குச் சொந்த மலையில் ஒருத்தியைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அலுத்துப்போய்ப் பாதையோரம் நின்றாள். அங்கே ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்தது. நெஞ்சு உயரம் இருக்கும். அதன்மேல் பையை வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து புளிசோற்றைத் தின்றாள்.

கீழேயிருந்து ஒருத்தி ஏறி வந்தாள். தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை, கையில் தூக்குவாளி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மூச்சு வாங்கியது, ஆனால் பேச்சுக்குத் தடையில்லை.

“பொண்ணே, அந்தப் பைய எடு. இன்னா, கல்லுல குடித்தனம் பண்றியா?”

தேவிப்ரியா பையை எடுத்தாள். வந்தவள் கல்லுக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, தலையைச் சாய்த்து, மூட்டையை அப்படியே பலகைக் கல்லுக்கு மாற்றினாள். குனியவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெயர் அம்சவள்ளி, மேலே மூன்றாவது வீடு என்று கேட்காமலே சொன்னாள்.

தேவிப்ரியா பார்த்தது மூட்டையை அல்ல. கல்லின் ஓரத்தை. அங்கே ஒரு கோடு இருந்தது, அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சின்னக் குறுக்குக்கோடு. ஆங்கில எழுத்தின் கால். அவளுக்கு அது எந்த வருஷத்து மோஸ்தர் என்றுகூடத் தெரியும்.

“அக்கா, இது சமாதிக் கல்லு!”

“இருந்துட்டுப் போவுது.”

“யாரு இத எடுத்தாந்து இங்க இப்படிப் போட்டது? ஒருத்தர் சமாதி மேல வைக்கிற கல்லத் தூக்கியாந்து மூட்ட எறக்கறதுக்குப் போடுவாங்களா? திருட்டுக் கல்லுக்கா இது!”

அம்சவள்ளி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “எந்த ஊரு நீ?”

“தியாகதுருகம்.”

“அங்க சொமதாங்கி இல்லியா?”

“இருந்துச்சு. ரோடு அகலம் பண்ணப்ப எடுத்துட்டாங்க.”

“அது எதுக்குப் போட்டதுன்னு தெரியுமா?”

“மூட்ட எறக்கறதுக்கு.”

அம்சவள்ளி சிரித்துவிட்டாள். “படிச்சவ இல்ல? அதான். மூட்ட எறக்கறதுக்குன்னு யாராச்சும் சும்மா கல்லு நடுவாங்களா? வயித்துல புள்ளையோட ஒருத்தி செத்துட்டா அவளுக்குப் போடுறது இது. எறக்கி வைக்க வேண்டிய சொமைய எறக்காமலே போயிட்டா இல்ல? போற வர்றவங்க அவ கல்லுல சொமைய எறக்கினா அவளுக்குப் பாரம் கொறையும். எங்க சின்னம்மாவுக்கும் ஒண்ணு கீது, அருவிக்குப் போற வழியில.”

தேவிப்ரியா சோற்று டப்பாவை மூடிப் பையில் வைத்தாள்.

“வேற எதுக்காவது போடுவாங்களா?”

“வேற எதுக்கும் போட மாட்டாங்க.”

“இது தொரசாணிக்குப் போட்டதா?”

“தொரசாணி எறக்கத்துல தொரசாணிக்குப் போடாம உனக்கா போடுவாங்க?”

“அப்ப ஒடம்பு? இதுக்கு அடியிலயா?”

“சேச்சே. அப்படிச் செத்தவள ஊரு பொதைக்கிற எடத்துல பொதைக்க மாட்டாங்க. தள்ளி, தனியா. எங்கன்னு யாரும் நெனப்புல வச்சிக்கவும் மாட்டாங்க. கல்லு மட்டும் வழியில நிக்கும்.”

நூறு ஊர்க் கல்லறைப் பதிவேடுகளில் தேவிப்ரியா பெயர் தட்டியிருக்கிறாள். வயது உண்டு, தொழில் உண்டு, குழியின் ஆழம்கூட உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு என்பதற்கு ஒரு கட்டத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. இங்கே எழுதப் படிக்கத் தெரியாத பாதைக் கூலிகள், எழுத்து வெட்டிய ஒரு வெள்ளைக்காரக் கல்லை வாங்கி, நிற்க வைக்க வேண்டியதைப் படுக்கப் போட்டு, அதை எழுதிவிட்டார்கள்.

ஆனால் பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் மார்கரெட்டுக்கு எதுவும் சொல்ல முடியாது.

மூட்டையை இறக்கக் கெஞ்சினாள். “இப்பதான வச்சேன்!” என்று அலுத்துக்கொண்டே அம்சவள்ளி ஒரு பக்கம் பிடித்தாள். இருவருமாகக் கீழே இறக்கினார்கள். கல்லின் நடுப்பகுதி நூற்று முப்பத்தாறு வருஷ மூட்டையில் வழுவழுவென்று தேய்ந்து, லேசாகக் குழிந்துகூட இருந்தது. ஓரங்களில் நிழல் போல ஏதோ தெரிந்தது, படிக்க முடியவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். கல் கறுத்தது, எழுத்து எழவில்லை. ஸ்காட்லாந்தில் தன்னார்வலர்கள் தேய்ந்த கல்லைப் படிக்கக் கண்ணாடியால் வெயிலைச் சாய்வாக அடிப்பார்கள் என்று பயிற்சியில் ஒரு படம் காட்டியிருந்தார்கள்.

“அக்கா, அந்தத் தூக்குவாளி மூடி குடுங்க.”

“கஞ்சி கீது உள்ள.”

“மூடி மட்டும்.”

எவர்சில்வர் மூடி. உள்பக்கத்தைத் துடைத்து, கல்லின் மட்டத்துக்குக் கொண்டுபோய் வெயிலைத் திருப்பினாள். வெளிச்சம் கல்லின்மேல் படுத்துக்கொண்டு ஓடியது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. மேல் ஓரத்தில் ‘ஐசபெல்’. அடுத்த வரியில் இடது கோடியில் ‘கெட்’, மற்றது குழியில் கரைந்துவிட்டது. கீழ் ஓரத்தில் ‘9 ஜூலை 1888. வயது 23’.

“இன்னா எழுதிக்கீது?” என்று அம்சவள்ளியும் எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் சுமை வைத்த கல்லில் எழுத்து இருந்தது அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

“பேரு. ஐசபெல். இருபத்திமூணு வயசு.”

“ஐயோ, சின்னப் பொண்ணு. எங்க சின்னம்மாவும் அந்த வயசுதான்.” கொஞ்சம் யோசித்தாள். “சொந்தக்காரங்க இருக்காங்களா?”

“ஒரு கெழவி இருக்காங்க. கல்லு நட்டு, இவங்க பேருக்கு எடம் வுட்டு வச்சிருக்காங்க.”

“பேர வெட்டிட்டா எனக்குக் காட்டணும்.”

“காட்டறேன்.”

மூடியைச் சாய்த்துப் பிடிக்க அம்சவள்ளியையே நிறுத்திவிட்டு, தேவிப்ரியா இருபது படம் எடுத்தாள். பிறகு கிழங்கு மூட்டையை மறுபடி கல்லுக்கு ஏற்றி, அங்கிருந்து அம்சவள்ளியின் தலைக்கு மாற்றக் கை கொடுத்தாள். சும்மாட்டைச் சரி செய்துகொண்டு அவள் ஏறிப் போனாள்.

கடிதம் எழுத ஒரு நாள் முழுக்க ஆனது. பார்த்தது இது, கேட்டது இது, தெரியாதது இது என்று பிரித்து எழுதினாள். ஐசபெல் ஓடவில்லை. ஆக்னஸுக்கு இரண்டு வயதானபோது மலையில் இறந்துவிட்டாள். வயிற்றில் ஒரு குழந்தை இருந்தது. குழந்தைக்குக் காகிதச் சாட்சி இல்லை, கல் கிடக்கும் விதம்தான் சாட்சி. வில்லியம் சம்மதித்துத்தான் கல் மலைக்குப் போயிருக்கிறது. ஊருக்குப் போய் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தெரியவில்லை. அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவனுக்காகச் சமாதானம் சொல்லும் வேலையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

படங்களையும் அனுப்பினாள். அதில் ஒன்று, கிழங்கு மூட்டையை மறுபடி கல்லில் ஏற்றிய பிறகு எடுத்தது. அது தெரிந்தே அனுப்பியதல்ல.

பதில் அன்று சாயங்காலமே வந்தது. மூன்றே வரி. ‘அழுதேன். நன்றி. ஆனால் அவள் பெயர்மேல் மூட்டை வைக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்ல முடியுமா? வேலி போட முடியுமா?’

தேவிப்ரியாவுக்குச் சுருக்கென்றது. தானும் அதே கேள்வியைத்தான் அம்சவள்ளியிடம் கத்தியிருந்தாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பதில் எழுதினாள். ‘நிறுத்தச் சொல்ல மாட்டேன். வேலி போட்டால் அது வெறும் கல். அவள் இறக்காமல் போன சுமைக்காகத்தான் அவர்கள் தங்கள் சுமையை அதில் இறக்குகிறார்கள். நடுவில் எழுத்து தேய்ந்திருக்கிறதே, அத்தனை பேர் அவளுக்காக இறக்கியிருக்கிறார்கள். இது உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால் தம்பி பெயரை வெட்டிக்கொள்ளுங்கள்.’

கடைசி வரியை அனுப்பியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அதற்குள் போய்விட்டது.

பதில் வரவில்லை. பதினாலு போனது, பதினைந்து போனது. பதினாறாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. மாடியில் நின்றால் மலை இருந்த இடத்தில் வெள்ளைச் சாம்பல்தான் தெரிந்தது. வியாழக்கிழமை முழுக்க ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாடி, பொணம் ஃபோன் பண்ணுமா?” என்றாள் பெரியநாயகி.

“பண்ணும்.”

வெள்ளிக்கிழமை காலை படம் வந்தது. ஈரப் புல்லில் ஒரு உயரமான சாம்பல் கல். மேலே வரியாக விட்டிருந்த இடத்தில் புதிதாக வெட்டிய எழுத்துகள் வெளுப்பாகத் தெரிந்தன. ‘ஐசபெல், ஆக்னஸின் தாய். 9 ஜூலை 1888, கல்ராயன் மலையில். உடன் ஒரு குழந்தை.’ வில்லியத்தின் பெயர் எங்குமே இல்லை. அவன் கல் வேறு மூலையில், இரண்டாம் தாரத்தோடு.

கீழே மார்கரெட் எழுதியிருந்தாள். ‘தம்பியைக் கல்லுக்கு அடியில் இருக்கும் பீடத்தில் போட்டுவிட்டேன். அவன் எப்போதும் கீழேதான் உட்காருவான். கல்தச்சன் வருவதற்கு முன்னால் இரண்டு நாள் ஃபோனிலேயே என்னோடு சண்டை போட்டான், அதான் எழுத நேரமில்லை. நான் முப்பது வருஷம் தபால் பை சுமந்தவள். இந்தக் கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவரில்தான் தினமும் பையை இறக்கி வைத்து மூச்சு விடுவேன். செத்தவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நீ எழுதியதைப் படித்து ஒரு நாள் கழித்துத்தான் அது எனக்கு ஞாபகம் வந்தது.’

மழை விட்டதும் தேவிப்ரியா மலைக்குப் போனாள். அம்சவள்ளி வாசலில் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, நெடுநேரம் பார்த்தாள். எழுத்து எங்கே என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினாள் தேவிப்ரியா. குழந்தை எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அதையும் காட்டினாள்.

“நல்லாத்தான் கீது” என்றாள் அம்சவள்ளி. ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “ஆனா இவ்ளோ உசரமா நட்டு வச்சா மூட்டைய எங்க எறக்கறது?”

தேவிப்ரியா அதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள். அங்கே அப்போது காலை நேரம். இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது.

‘பக்கத்தில் சுவர் இருக்கிறது என்று சொல்.’